அப்பா ஏச்சை நிறுத்தியபோது

எங்கள் அப்பா கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்தியதால் எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லாமல் போனது. இதை இன்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் எல்லா வீட்டுக்காரர்களும் பிடித்தாக வேண்டும். வரிசை என்று பெயருக்கு ஒன்று இருந்தது. உண்மையில் யாருடைய வாய் பெரிதோ அவருடைய குடம் முதலில் நிறையும். சட்டை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பாவின் வாய்க்கு அங்கே ஈடு கிடையாது. திருநெல்வேலித் தமிழில் தொடங்கி பம்பாய் இந்தியில் முடிப்பார். கேட்டவர்கள் தாமாகவே ஒதுங்கி நிற்பார்கள்.

அதே வாய்தான் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேதபாடம் வாசிக்கும். தேவாலயத்தை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். அப்பா வாசித்தால் மைக் தேவையில்லை. அழுகிற கைக்குழந்தைகூட நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும். எனக்கு அதில் பெருமை உண்டு.

அந்த ஞாயிறு விடியற்காலையில் குழாயடியில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தகராறு. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அடுத்த சந்தில் வீடு, ஆனால் குழாய் இரண்டு சந்துக்கும் ஒன்றுதான். அவருக்கு வேலை போயிருந்தது. அத்தை இட்லி அவித்து விற்பதில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. மாவாட்டத் தண்ணீர் வேண்டும் என்று மாமா ஒரு குடத்தை இடையில் நுழைத்துவிட்டார். அப்பா, பெண்டாட்டி உழைப்பில் தின்கிறவன் என்று ஆரம்பித்து, மாமாவைப் பெற்றவள் வரைக்கும் போய்விட்டார். மாமாவைப் பெற்றவள்தான் அம்மாவையும் பெற்றவள் என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு உறைக்கவில்லை. மாமா பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் வாசலில் நின்றிருந்த அம்மாவும் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அப்பா குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வாசிக்கப் போனார்.

ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில் கடவுளையே காண்கிற இடம் அன்றைய பாடம். தூதர்கள் துதி பாடுவார்கள், வாசல் நிலைகள் அதிரும், எங்கும் புகை நிறையும். அந்த மனிதர் தன் அசுத்தமான வாயை நினைத்து, தொலைந்தேன் என்று நடுங்குவார். அப்பா வழக்கம்போல் கணீரென்று தொடங்கினார். அந்த வாயைப் பற்றிய வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார், மறுபடியும் நின்றது. பிறகு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிரஷர் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், ஒருவர் பாதத்தைத் தேய்த்தார், யாரோ சோடா வாங்க ஓடினார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்கய்யா" என்று அப்பா சொல்லச் சொல்ல அவரைப் பெஞ்சில் படுக்க வைத்து விசிறினார்கள். ஆராதனை முடிந்ததும் நான் அந்த மேசைக்குப் போய், அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். எதிரே சுவரும் ட்யூப்லைட்டும் மெதுவாகச் சுற்றும் ஃபேனும்தான் இருந்தன. எதைப் பார்த்து இவர் இப்படிப் பயந்தார் என்று விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து சனியன் பிடித்தது. அப்பா வாயைத் திறப்பதில்லை. குழாயடியில் குடத்தோடு ஓரமாக நின்றார். முதல் நாள் மரியாதைக்கு வழி விட்டார்கள். அடுத்த நாள் சோதித்துப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போய்ப் பிடித்தார்கள். எங்கள் டிரம்மில் அடித்தண்ணீர் மட்டும் கிடந்தது. துவைக்காத யூனிஃபார்மோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பட்டறையில் ஆட்கள் நேரங்கழித்து வந்தால்கூட அவர் வெறுமனே பார்த்தாராம்.

இது போதாதென்று போதகரிடம் போய், இனி வாசிக்க வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கீழே உள்ள வேலை எதையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் என்ன செய்வார் பாவம், கோவில் கக்கூஸைக் கழுவ ஆள் இல்லை என்றார். அப்பா சனிக்கிழமைதோறும் பிரஷ்ஷோடு கிளம்பிவிட்டார்.

அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வீட்டுல ஒரு டம்ளர் கழுவுனது கெடயாது. ஊர் கக்கூஸக் கழுவப் போறியளோ? பிள்ள அழுக்குச் சட்டையோட ஸ்கூலுக்குப் போவுது. வாயத் தொறந்து தண்ணி கேட்டா என்ன?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அவ்வளவு பரிசுத்தமான சன்னதில இந்த வாயோட போயி நின்னுட்டேனே. இத வச்சு இனி எப்படிப் பேசுதது?"

"கடவுள்ட்ட அழுதியள், சரி. எங்கண்ணன்ட்ட?"

அப்பா பிரஷ்ஷைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் விடியற்காலையில், தண்ணீர் வருகிற சத்தம் கேட்டு ஜனம் முண்டியடிக்கும் நேரத்தில், அப்பா குழாய்க்கு நேர் முன்னால் போய் நின்றார். பழைய அப்பா திரும்பிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவரோ கையில் குடம் இல்லாமல் மாமாவைப் பார்த்துத் திரும்பினார்.

"மச்சான், ஒங்கள இந்த எடத்துல வச்சு ஏசினேன். பெத்தவளையும் சேத்துச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னதால எல்லார் முன்னாடியும் கேக்கேன். என்ன மன்னிச்சிரணும்."

மாமாவின் முகம் சிவந்தது. "என்னவே, நக்கலா?"

"சத்தியமா இல்ல மச்சான்." அப்பா குனிந்து மாமாவின் காலைத் தொடப் போனார். மாமா பதறிப் பின்னால் நகர, அவர் குடம் உருண்டது. குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்கு வீணாகக் கொட்டியது. பின்னால் நின்ற பெண்கள், "அரே, பானி ஜாயேகா! ஹட்டோ!", தண்ணீர் நின்றுவிடும், தள்ளு என்று இந்தியில் கத்தினார்கள். ஒரு பையன் மொபைலில் படம் பிடித்தான். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. மன்னிப்பைத் தண்ணீர் நின்ற பிறகு கேட்கக் கூடாதா இந்த மனிதர்?

"மொதல்ல தள்ளும்வே, ஜனம் பிடிக்கட்டும்" என்றார் மாமா. மன்னித்தேன் என்று அவர் சொல்லவே இல்லை.

அப்பா தள்ளி நின்றார். மாமாவின் முறை வந்ததும் அவருடைய குடங்களைத் தானே நிரப்பி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்கு நடந்தார். மாமா திகைத்துப்போய் வெறுங்கையோடு பின்னால் போனார். அப்பா திரும்பி வந்தபோது குழாய் நின்றிருந்தது. அன்று எங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அதன்பிறகு தினமும் இதே கூத்து. முதலில் மாமா வீட்டுக்கு, மிச்சம் நேரம் இருந்தால் எங்களுக்கு. மாமா பேசுவதில்லை. குடத்தை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாராம். அப்பா அதற்கும் வாய் திறக்காமல் வந்துவிடுவார். அந்த ஞாயிறிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத அம்மா, முனகிக்கொண்டே அடுத்த வீடுகளில் கடன் தண்ணீர் வாங்கிச் சமைத்தாள். "கோட்டி பிடிச்ச மனுசனுக்கு வாக்கப்பட்டேன்" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லுவாள்.

ஒரு நாள் காலை அப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே அம்மாவிடம், "ஒங்கண்ணன் உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சாரு. டீ போட்டுக் குடுத்தாரு" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த சோறு அப்படியே கிடந்தது. முகத்தைக் கழுவ டிரம்மில் இருந்த கடைசிச் செம்பு தண்ணீரையும் எடுத்துவிட்டாள். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலையைக்கூடச் சரியாக வாராமல், அடுத்த சந்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

அண்ணன் வீட்டில் தண்ணீர் வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு எதற்குப் புடவை? போகிற அவசரத்தில் முக்கியமானதை மறந்துவிட்டாளே என்று எனக்கு ஒரே எரிச்சல். குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, "அம்மா, குடம்! குடத்த விட்டுட்டுப் போற!" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.