மஞ்சள் அங்கிக்காரன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் பிளஸ் டூ படித்தேன். ஓவியப் போட்டிக்காக, நூலகப் புத்தகத்தில் இருந்த வடநாட்டுச் சிற்றோவியம் ஒன்றைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்துகொண்டிருந்தேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கதையே நடந்தது. இடது ஓரம், மஞ்சள் அங்கி போட்டவன் அரச சபைக்குள் நுழைகிறான். நடுவில், ஒருத்தியை முடியைப் பிடித்து இழுக்கிறான். வலது ஓரம், போர்க்களத்தில் நெஞ்சு பிளந்து கிடக்கிறான். அவன்மேல் குனிந்திருப்பவனின் வாயெல்லாம் ரத்தம்.

கூலிக்குப் பேண்டேஜ் துணியைக் கத்தரியால் வெட்டி மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, மூணு பேரும் அண்ணன் தம்பியளா? ஒரே துணியில சட்ட தச்சிருக்காவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒரே ஆளும்மா. இங்க வாரான், இங்க இழுக்கான், கடைசில சாகான். எல்லாத்தயும் ஒரே படத்துல போட்டிருக்கு."

"இழுத்தவனேவா கெடக்கான்?"

"அவனேதான்."

அம்மா மூன்று மஞ்சள் அங்கிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மதியம் மில்லிலிருந்து அப்பா வந்தார். சோறு ஆறியிருந்தது. அது போதும். தட்டு சுவரில் மோதியது. கொண்டையைப் பிடித்து இழுத்துப்போய் அம்மாவின் தலையைக் கதவு நிலையில் இடித்தார். தடுக்கப் போன என்னை வயிற்றில் மிதித்தார். அம்மாவின் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. வெட்டிவைத்த துணியில் கறை பட்டால் முதலாளி திருப்பிவிடுவார் என்று அப்போதும் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்பாவின் கண்ணில் படம் பட்டது. முடியை விடாமலே சிரித்தார்.

"படிச்ச கழுத வரஞ்சிருக்கதப் பாரு. இழுத்தவன் எப்படி நிக்கான்! எவனோ இளிச்சவாயன் மல்லாந்து கெடக்கான்."

"மூணும் ஒரே ஆளு," என்றாள் அம்மா.

"என்னது?"

"சட்டையப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, அம்மா கையிலிருந்த துணி வெட்டும் கத்தரியின் முனை அவர் வயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிடி தளர்ந்தது. படத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டு, என்னை ஓங்கி அறைந்துவிட்டு வெளியே போனார்.

அம்மாவின் புருவத்தில் நானே கட்டுப் போட்டேன்.

"முடிய அள்ளி முடியட்டுமாம்மா?"

"வேண்டாம். கெடக்கட்டும். அந்த மனுசன் வரட்டும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா வந்தார். விரிந்த முடியும் கையில் கத்தரியுமாக அம்மா வாசலில் நின்றாள். அவர் ஒதுங்கி உள்ளே போய், ஆறிய சோற்றைத் தானே போட்டுத் தின்றார்.