திட்டு வாங்கப் போனவர்

தவமணி இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்தது. சிம்மக்கல்லில் இருக்கும் என் அச்சகத்தின் ஷட்டரைக் காலையில் தூக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கால்பந்து அணியின் செயலாளர் போன் செய்தார். "அண்ணே, ஒரு அஞ்சலி போஸ்டர். போட்டோ அனுப்பிருக்கேன், பாருங்க" என்றார். யார், எவர் என்று கேட்பதற்குள் வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார். வாட்ஸ்அப்பைத் திறந்தால், கழுத்தில் விசில் தொங்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தவமணி நிற்கிறார். படத்துக்குக் கீழே, "முன்னாள் துணைப் பயிற்சியாளர்னு போட்டுருங்க" என்று எழுதியிருந்தார்.

இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. மதுரையில் காதுகுத்துக்கும் போஸ்டர் உண்டு, கருமாதிக்கும் உண்டு. இரண்டுக்கும் வாசகம் எழுதிக் கை பழகிவிட்டது. ஒருவர் போய்விட்டார் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது படம் தெளிவாக இருக்கிறதா என்பதுதான். அன்றும் அதைத்தான் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

லீக் போட்டி மலரில் அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தின் மேற்குப் படிக்கட்டில் உட்காருகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மறுபாதியை நான்தான் சொல்லியாக வேண்டும்.

தவமணி எழுமலைக்காரர். விவசாயக் குடும்பம். கப்பலூரில் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் பைக்கில் மைதானத்துக்கு வந்துவிடுவார். ஒன்பது வருடம் எங்கள் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் மரியாதைக்குரிய மனிதர், ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். முழங்கால் தேய்ந்துபோனதால் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் பெரிய கோச்சு, தவமணி சின்னக் கோச்சு. பந்துக்குக் காற்றடிப்பதிலிருந்து யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது வரை எல்லாம் சின்னக் கோச்சின் வேலை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் எங்கள் படிக்கட்டுக்கு வருவார். கையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இருக்கும். எனக்கும், என் பக்கத்தில் எப்போதும் உட்காரும் டயர் கடை சிக்கந்தர் பாய்க்கும் அன்றைய ஆட்டத்தை விளக்குவார். தோலுரித்த கடலை பதினொன்று நம் அணி. தோலோடு இருப்பவை எதிரணி. பேசிக்கொண்டே எதிரணியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "கோச்சு, அவய்ங்க கீப்பரைத் தின்னுட்டீங்க" என்று பாய் ஒருநாள் சொன்னார். "நமக்குக் கோல் போட வழி கெடச்சிருச்சுல்ல, அவன் எதுக்கு பாய்?" என்றார் தவமணி.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "பந்து எங்க இருக்குன்னு கிரவுண்டுல எல்லாத்துக்கும் தெரியும்ணே. தான் எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்." இதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். பக்கத்திலிருப்பவர்கள் கோல் என்று கத்தும்போதுதான் கோல் விழுந்ததே எங்களுக்குத் தெரியும்.

ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் வரை பின்தங்கியிருந்தோம். தவமணி ஒரு டிஃபெண்டரை வெளியே எடுத்துவிட்டு, வருடம் முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒருவரை உள்ளே அனுப்பினார். இரண்டு கோல் விழுந்தது. கோப்பையும் மாலையும் பெரிய கோச்சுக்குப் போயின. நாங்கள் சின்னக் கோச்சின் பெயரைச் சொல்லிக் கத்தினோம். அவர் பயிற்சிக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்கிவிட்டு, நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார்.

அடுத்த வருடம் அரையிறுதியில் அதே மாதிரி ஒரு மாற்றம் செய்தார். இம்முறை பலிக்கவில்லை, மூன்று கோல் வாங்கினோம். நாங்கள் எழுந்து நின்று பெரிய கோச்சைக் கண்டபடி திட்டினோம். "நாற்காலியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்கய்யா" என்று கத்தியவன் நான்தான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தவமணி எங்கள் முன்னால் ஓடிவந்து, "நான்தாண்ணே மாத்துனேன், நான்தான்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இருந்த கூச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை. எனக்குக் கேட்டது. ஆனாலும் நான் பெரியவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது முடிந்த சில மாதங்களில் சிக்கந்தர் பாய் ஒரு செய்தி கொண்டுவந்தார். தூத்துக்குடியில் இருக்கும் அவருடைய மச்சான் சொன்னது. அங்கே ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் தேடுகிறார்கள், தவமணி போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார், அநேகமாக அவருக்குத்தான்.

படிக்கட்டு இரண்டாகப் பிரிந்தது. நம்ம ஆள் பெரிய ஆளாகப் போகிறார் என்று சிலருக்குச் சந்தோஷம். சோறு போட்ட இடத்தை விட்டுப் போகிறாரே என்று சிலருக்குக் கோபம். நாங்கள் ஒரு வாய்ச் சோறுகூடப் போட்டதில்லை என்பது வேறு விஷயம். பாய், "போகட்டும்யா, அவரும் எத்தன வருசம் கோன் அடுக்குவாரு?" என்றார். நான் சந்தோஷக் கட்சியில் இருந்தேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

சந்தோஷம் வந்தால் மதுரைக்காரன் என்ன செய்வான்? போஸ்டர் அடிப்பான். என் கையில் அச்சகமே இருக்கிறது. "தூத்துக்குடியை ஆளப் புறப்படும் எங்கள் சின்னக் கோச்சே! தலைமைப் பயிற்சியாளரே! வாழ்த்தி வழியனுப்புகிறோம்" என்று எழுதினேன். நடுவில் தவமணி, பின்னால் ஒரு புலி. புலி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எங்கள் ஊரில் புலிக்குக் காரணம் கேட்பதில்லை. கீழே மேற்குப் படிக்கட்டு நண்பர்கள் நாற்பது பேரின் முகங்கள், பாஸ்போர்ட் அளவில், நான்கு வரிசையில். புரூஃப் பார்த்த பாய், "இன்னும் முடிவாகலயே, ஒரு வாரம் பொறுங்களேன்" என்றார். நான் பொறுக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது சிம்மக்கல்லிலிருந்து மைதானம் வரைக்கும் சுவர் முழுக்கத் தவமணியும் புலியும்தான்.

அதை யாரோ படமெடுத்து அனுப்ப, மத்தியானத்துக்குள் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த பயிற்சியாளருக்கு, தன்னை மாற்றப்போகிறார்கள் என்பதே எங்கள் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். பெரிய ரகளை. கமிட்டி கூடுவதற்கு முன்பே இந்த ஆள் தானாகப் போஸ்டர் ஒட்டிக்கொள்கிறாரா என்று அவர்களுக்குக் கோபம். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி சட்டையோடு தவமணி என் அச்சகத்துக்கு வந்தார். டீ வரவழைத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பாசத்துலதானண்ணே ஒட்டுனீங்க?" என்று கேட்டார்.

"பின்ன என்ன தம்பி? பாசம்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரிண்ணே" என்றார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். "இங்க உங்களுக்கு என்ன குறை தம்பி? நாங்க எம்புட்டுப் பிரியமா இருக்கோம்" என்று கேட்டுவிட்டேன்.

"கொறையெல்லாம் இல்லண்ணே. மாலை யாருக்கு வேணும்? அன்னிக்கு நான் செஞ்ச தப்புக்குப் பெரியவரு தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. நீங்கள்லாம் அவரத் திட்டுறீங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன், என்னைய ஒரு வார்த்தை சொல்ல ஆளில்ல. என் தப்புக்கு என்னையத் திட்டணும்ணே. அதுக்குத்தான் போகலாம்னு பாத்தேன்."

ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அன்றும் கோன் அடுக்கியிருக்கிறார், விசாரித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு சீசன் எங்களோடு இருந்தார். கடலை வந்தது, விளக்கம் வந்தது. எங்கள் படிக்கட்டில் எல்லோருக்கும் உள்ளூர நிம்மதி. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வெயிலிலும் மழையிலும் போஸ்டர்கள் உரிந்துபோயின. பாலத்துப் பக்கம் ஒரு சுவரில் மட்டும் தலைமைப் பயிற்சியாளரே என்ற எழுத்தும் புலியின் பாதி முகமும் உரியாமல் அப்படியே இருந்தன. தினமும் அந்த வழியாகத்தான் அவர் பைக்கில் வருவார். நானே போய் அதைச் சுரண்டியிருக்கலாம். செய்யவில்லை.

இரண்டாவது தடவை அவரே என்னைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன அணி, பேச்சு நடக்கிறது என்றார்.

"உங்கட்ட மட்டும்தாண்ணே சொல்றேன்."

"எங்கிட்ட ஏன் தம்பி?"

"ஒட்டுறது நீங்கதான? உங்கட்ட சொல்லிட்டா சுவரு தப்பிச்சுக்கும்ல" என்று சிரித்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல், சிக்கந்தர் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலையைத் தின்றுகொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்தது. தவமணி வழியனுப்பு விழா இல்லாமல், புலி இல்லாமல் போய்ச் சேர்ந்தார். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரே" என்று படிக்கட்டில் எல்லோரும் கொதித்தார்கள். எனக்கு முன்னாலேயே தெரியும் என்பது தெரிந்ததும் பாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த சீசனில் அவருடைய அணி எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. அவர் உள்ளே வந்ததும் எங்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் ஊளையிட்டார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. அவர் பழக்கிவிட்ட ஆட்டக்காரர்கள்தான் எங்கள் பக்கம் ஆடினார்கள், அவருடைய அணியை மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். விசில் ஊதியதும், ஒரு வேனில் வந்திருந்த திருநெல்வேலிக்காரர்கள் கம்பி வேலியோரம் வந்து கூடிவிட்டார்கள். "இவர எவம்ல கோச்சாப் போட்டது?" என்று ஒருவர் தொடங்கினார். பிறகு இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். இங்கே எழுதக்கூடியது அவ்வளவுதான். தவமணி அவர்கள் எதிரில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசி ஆள் தொண்டை வற்றும்வரை நின்று கேட்டார்.

அப்புறம் மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்கள் படிக்கட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை. ஊளையிட்டவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

"கேட்டீங்களாண்ணே? எம்புட்டுத் திட்டு! அம்புட்டும் எனக்குண்ணே" என்றார்.

அவரை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இறுதி ஆட்டம் வென்ற அன்றுகூட.

அந்த சீசன் முடிவதற்குள், ஒரு சாயங்காலம் பயிற்சி முடித்து உட்கார்ந்தவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எழுமலைக்குப் பாயும் நானும் போனோம். அதே வேன் வெளியே நின்றது. அன்றைக்கு முதலில் குரல் எழுப்பியவர் பந்தல் ஓரத்தில், யாரும் பார்க்கிறார்களா என்ற நினைப்பே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். தவமணியின் மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன். வாசகம் எழுதியே பிழைப்பவன், வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

போஸ்டரில் "தலைமைப் பயிற்சியாளர்" என்று போட்டேன். "நம்ம டீம்ல அவரு துணைதானண்ணே?" என்று செயலாளர் கேட்டார். "டீம் பேரே போடல" என்றேன். புலி இல்லை. நாற்பது முகங்களும் வேண்டாம் என்றபோது, எப்படியோ எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காலையில் பசை வாளியை எடுத்துக்கொண்டு நானே போனேன். பாலத்துப் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த பழைய துண்டை முதலில் சுரண்டி எடுத்தேன். அதன் மேல் ஒட்ட மனம் வரவில்லை.

பாசத்தில்தானே ஒட்டினீர்கள் என்று அன்று அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பாதிதான் உண்மை. ஒரு வாரம் பொறுத்தால் அவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டு ஒட்டினால் காரியம் கெட்டாலும் கெடும் என்பதும், தெளிவாக இல்லாவிட்டாலும், மனசில் ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருந்தது. அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டாவது தடவை முதலில் என்னிடம் வந்திருக்க மாட்டார்.

தப்பு செய்தவனைத்தான் திட்ட வேண்டும் என்று ஊரை விட்டே போன மனிதர், அந்த அச்சகத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குச் சேரவேண்டிய அந்தத் திட்டு அப்படியே நிற்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.