பாலைவனத்தில் இருபத்து மூன்று தலைகள்

ஆட்களை ஊர் சுற்றிக் காட்டும் வேலையில் காட்டுவது பாதி, எண்ணுவது பாதி. உங்களில் யாராவது கோயிலுக்குப் பேருந்து ஏற்பாடு செய்திருந்தால், கல்யாணத்துக்கு வேன் பிடித்திருந்தால், நான் படும் பாடு உடனே புரியும். ஏறினால் எண்ண வேண்டும், இறங்கினால் எண்ண வேண்டும், கழிப்பறைக்குப் போய்வந்தால் மறுபடியும் எண்ண வேண்டும்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஈப்போவில் ஒரு சிறிய பயண அலுவலகத்துக்காகக் குழுக்களோடு துணைக்குப் போகிறேன். அதன் முதலாளி சேகர் தம்பி எனக்கு வைத்த சட்டம் ஒன்றுதான். ஓர் ஆளைத் தொலைத்தால் அதோடு வேலை இல்லை. பதினாறு பயணங்களில் யாரும் தொலையவில்லை. பதினேழாவது பயணம் துபாய். இருபத்து மூன்று பேர், என்னோடு இருபத்து நான்கு.

எனக்குக் கூச்சம் அதிகம். நான்கு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. அதனால் தாளைப் பார்த்துக்கொண்டே பெயர் கூப்பிடுவேன். அவர்கள் "இருக்கேன்" என்பார்கள். நான் கோடு போடுவேன். இதுதான் என் முறை.

சாக்கடையைத் தேடியவர்

ரத்தினம் அண்ணே மழைக்குப் பேர்போன தைப்பிங்காரர், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குடை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, செருப்புக்குப் பிளாஸ்டிக் உறை ஒரு சோடி என்று கொண்டுவந்திருந்தார். முதல் நாள் பேருந்தில் ஊரைச் சுற்றினோம். எல்லாரும் அண்ணாந்து கட்டடங்களைப் பார்க்க, அவர் மட்டும் குனிந்து சாலை ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டேன். லொங்காங்கைத் தேடுகிறேன் என்றார்.

உண்மைதான். அவ்வளவு பெரிய சாலை, பக்கத்தில் நம் ஊர் மாதிரி ஒரு திறந்த சாக்கடை இல்லை. இங்கே மழை வருடத்தில் சில நாள்தான் என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னார். அண்ணே முகம் வெளுத்துவிட்டது. ஓட்டலில் பெட்டியை இறக்கும்போது சொன்னார்.

"மழை வராதுன்னு நம்பி ஒரு ஊரையே கட்டிட்டாங்க பாருங்க. எங்க ஊருல துணி காயப்போடக்கூட அவ்வளவு நம்பிக்கை கெடையாது லா."

மாலுக்குள் பனி

லெட்சுமியும் கன்னியம்மாவும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். தோட்டத்தை விற்ற பிறகு ஈப்போவில் ஒரே அடுக்குமாடியில் மேலும் கீழுமாகக் குடியிருக்கிறார்கள். லெட்சுமி வாயாடி. கன்னியம்மா அவள் நிழலில் நிற்பவள். இருவருக்கும் ஒரே கைப்பை. கன்னியம்மாவின் கைத்தொலைபேசியும் லெட்சுமியின் தோளில்தான் தொங்கும்.

இரண்டாம் நாள் ஒரு பெரிய மாலுக்குப் போனோம். வாசல்வரை நெருப்பு வெயில். உள்ளே ஒரு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மலைபோல் பனி கிடக்கிறது, அதில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். பாலைவனத்தில் பனியா என்று நான் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றது. லெட்சுமி அங்கே கொடுத்த தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான்கு நிமிடத்தில் பல் கிட்டி வெளியே ஓடிவந்தாள்.

"வெளிய வேக வைக்கிறாங்க, உள்ள ஃப்ரிட்ஜுல வைக்கிறாங்க. நாம என்ன அக்கா, நேத்து வச்ச மீன்கொழம்பா?"

உயரத்திலிருந்து

மூன்றாம் நாள் உயரமான கோபுரம். மின்தூக்கியில் காது அடைத்தது. நூறு மாடிக்கு மேல் நின்று ஒரே ஒரு முறைதான் கீழே பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே பெயர் கூப்பிட்டேன். மற்றவர்கள் படம் எடுக்க, கன்னியம்மா கடைசி வீடுகளுக்கு அப்பால் பழுப்பாகத் தெரிந்த இடத்தையே பார்த்தாள். மூன்று நாளில் அவள் என்னிடம் தானாகப் பேசியது அப்போதுதான்.

"இதெல்லாம் கட்டடம்தானே அக்கா. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல பாருங்க. அங்க எப்பப் போறோம்?"

காற்றைப் பிடுங்கிய டயர்

நான்காம் நாள் அங்கே போனோம். நான்கு ஜீப்புகள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஓட்டுநர்கள் இறங்கி, நல்ல டயரில் இருந்த காற்றை உஸ்ஸென்று வெளியே விட ஆரம்பித்தார்கள். லூமுட்டைச் சேர்ந்த முனியாண்டி அண்ணே முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். ஓடிப்போய் ஓட்டுநர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சண்டை போட்டார். மணலில் டயர் புதையாமல் இருக்கத்தான் இப்படி என்று அவருக்குப் புரியவைக்க நேரமாயிற்று.

அப்புறம் ஜீப் மணல்மேட்டில் செங்குத்தாக ஏறி, மறுபக்கம் தலைகுப்புற இறங்கியது. ஒரு முறை இல்லை, பத்தொன்பது முறை. பின்னால் இருந்தவர்கள் சாமி பெயர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். நின்றதும் அண்ணே இறங்கி, டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"நான் ஆயுசு பூரா ரோட்ட விட்டு எறங்காம ஓட்டுனேன், இவனுக்கு எறங்குறதுதான் வேலையாம். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது இவனையா, ஏறி வந்த நம்மளையான்னு தெரியல லா."

மிஞ்சிய தட்டு

சூரியன் இறங்குவதைப் பார்க்க ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். படம் எடுத்து முடித்ததும் நான் வழக்கம்போல் தாளை விரித்துப் பெயர் கூப்பிட்டேன். இருபத்து மூன்று "இருக்கேன்" வந்தது. இருபத்து மூன்று கோடு போட்டேன். வந்த ஜீப்பிலேயே ஏற வேண்டும் என்று சொல்லியும் ஆட்கள் மாறி மாறி ஏறினார்கள். புறப்பட்டோம். சாப்பாட்டுக் கூடாரம் கால்மணி நேரத் தூரம்.

கூடாரத்தில் தட்டுகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இருபத்து நான்கு தட்டு வாங்கினேன். ஒன்று என் கையில், ஒன்று மேசையில். மேசையில் இருந்ததை எடுக்க யாரும் வரவில்லை. தலையை எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறையும் அதேதான். லெட்சுமியின் பக்கத்து இடம் காலி. கன்னியம்மா எங்கே என்றேன். வேறு ஜீப்பில் வந்திருப்பாள் என்றாள். எந்த ஜீப்பிலும் வரவில்லை. அப்படியானால் கன்னியம்மா என்று கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றது யார்?

லெட்சுமி கையில் இருந்த ரொட்டி கீழே விழுந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு நடக்கும். கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால், பின்னால் ஓடிவந்துகொண்டிருக்கும் கூட்டாளிக்காக இன்னொருத்தி குரலை மாற்றி "இருக்கேன்" சொல்லிவிடுவாள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், எனக்கும் அது தெரியும். தெரிந்தும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவளுக்கு நானு, எனக்கு அவ, முப்பது வருசமா அப்பிடித்தான் அக்கா. இந்தா வந்துர்றேன், பேரு வந்தா சொல்லிருன்னா. வாயி தானா சொல்லிருச்சு."

எண்ண ஒன்றும் இல்லாத இடம்

ஓட்டுநரிடம் சைகையில் சொன்னேன். லெட்சுமியையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். சூரியன் போய்விட்டது, வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாங்கள் நின்ற மேட்டில் யாரும் இல்லை. சுற்றிலும் ஒரே நிறத்தில் மேடு மேடாக மணல். வாழ்நாளில் பொது இடத்தில் குரல் உயர்த்தாத நான் கன்னியம்மா என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே பயமாக இருந்தது. பதில் இல்லை.

லெட்சுமி இரண்டு கைகளையும் வாயில் குவித்து, ரப்பர் காட்டுக்குள் ஒருத்தரை ஒருத்தர் தேடும்போது கொடுக்கும் "ஊய்" கொடுத்தாள். இரண்டாவது மேட்டுக்குப் பின்னாலிருந்து அதே "ஊய்" வந்தது. ஏறிப் பார்த்தால், அவள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாதத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜீப்புகள் போனதே தெரியாது. நாங்களும் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டாள்.

"நாலு பக்கமும் பாத்துட்டேன் அக்கா, ஒரு மரம் இல்ல. நெரை நெரையா மரம் எண்ணிக்கிட்டே நடந்தவளுக்கு இங்க எண்ண ஒண்ணுமே இல்ல."

முகம்

மறுநாள் காலை தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பேருந்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் நின்று முகத்தைப் பார்த்தேன். வெட்கத்தில் கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது. பதினோரு நிமிடம் ஆயிற்று. முனியாண்டி அண்ணேவுக்கு ஒரு கண் மங்கல் என்பதும், கன்னியம்மா சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதும் ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. ரத்தினம் அண்ணே முன்னால் கொஞ்சம் அதிகநேரம் நின்றுவிட்டேன்போல.

"என்னக்கா, பாஸ்போர்ட் ஆபீஸ்காரங்க மாதிரி பாக்குறீங்க? நான் நானேதான்."

அறிக்கை

ஈப்போ திரும்பியதும் பயண அறிக்கை எழுத வேண்டும். இருபத்து மூன்று பேர் போனார்கள், இருபத்து மூன்று பேர் வந்தார்கள் என்று எழுதினால் பொய் இல்லை. ஒரு நாள் முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன்: "நான்காம் நாள் மாலை முப்பத்தெட்டு நிமிடம் இருபத்திரண்டு பேர்தான். தவறு என்னுடையது, முகம் பார்க்கவில்லை." என்னிடம் இருந்த அலுவலகச் சாவியையும் கூடவே மேசையில் வைத்தேன்.

சேகர் தம்பி இரண்டு முறை படித்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சாவியை என் பக்கம் தள்ளினார். அறிக்கையோடு இருந்த பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"இத நீங்க எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அக்கா. அடுத்த மாசம் முப்பத்தொரு பேரு, நீங்கதான் போறீங்க, ஆனா லிஸ்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

பாலைவன நகரத்தில் பார்க்க வேண்டியது என்னவென்று இப்போது யாராவது கேட்டால், கோபுரத்தையும் பனியையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் பக்கத்து இருக்கையைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.