அக்கா எதைக் கேட்கப் போனார்?

அக்காவின் நினைவு மலருக்காக எழுதுகிறேன். எனக்கு எழுத்து நடை தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் மங்கிக்கொண்டு போகிறது. பிழை கிடந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மானிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா இளவயதிலேயே கண்மூடிவிட்டதால் எங்களுக்குத் தலைவாரி, சோறூட்டி ஆளாக்கியவர் அவர்தான். அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுச் சாவகச்சேரிக்குப் போன பிறகும் எங்கள் வீட்டு நன்மை தின்மை எதுவும் அவரில்லாமல் நடந்ததில்லை. சத்தம் போட்டுச் சிரிப்பார். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுவார்.

எண்பத்து நான்கோ ஐந்தோ, இராணுவம் பிடித்துக்கொண்டு போன இளம் பெடியன்களை விடச் சொல்லியும், கூட்டம் கூடக்கூடாது என்ற சட்டத்தை எடுக்கச் சொல்லியும் பெண்கள் பட்டணத்தில் அரசாங்கக் கந்தோர் வாசலில் போய்க் குந்தியிருந்தார்கள். அக்கா முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். விடிய வெளிக்கிட்டபோது நான் மறித்தேன்.

“உங்கடை பிள்ளையளோ உள்ளுக்கை இருக்கு? சும்மா இருங்கோ அக்கா.”

“வோட்டுக் கேக்க எல்லாரின்ரை வீட்டுக்கும் தானேடி வந்தவை? கேள்வி கேக்க மட்டும் ஆள் பாத்தோ போறது? நீயும் வெளிக்கிடு.”

“ஐயோ, உலையிலை அரிசி கிடக்கு.”

“ஓமோம், உன்ரை சோறு குழைஞ்சால் நாடு கவிண்டுபோம்!” என்று சிரித்துக்கொண்டு போனார்.

மண்ணில் பேசாமல் இருந்தவர்கள்மேல் பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்து, பொல்லால் அடித்து, பிறகு சுட்டார்கள். சிலர் வீடு திரும்பவில்லை. அக்காவைக் கொண்டையில் பிடித்து றோட்டில் இழுத்திருக்கிறார்கள். சேலை கிழிந்துபோக, யாரோ ஒரு மீன் வியாபாரி கொடுத்த சாரத்தைப் போர்த்துக்கொண்டு பின்னேரம் வந்தார். வலது தோள் அதன்பின் சரிவரவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அடித்தவர்களை விட்டுவிட்டு ஊர் அக்காவின் சேலையைக் கதைத்தது. என் மகளின் கலியாணத்தில் அக்கா ஆலாத்தி எடுக்கத் தட்டைத் தூக்கிய நேரம், மாப்பிள்ளையின் பெரியம்மா சபையில் கேட்டார்:

“நடுறோட்டிலை பொலிஸ்காரன் கை வைச்ச மனுசி. மங்கள காரியத்துக்கு வேறை ஆக்கள் இல்லையோ?”

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைப் பார்த்தேன். எவருக்கும் பதில் சொல்லக்கூடிய அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கும் தோள் உளையுது. நீங்களே எடுங்கோ,” என்று தட்டை அவரிடம் கொடுத்தார். பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அவர் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நாங்களும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை.

கடைசி மாதங்களில் என் வீட்டில்தான் படுக்கையாக இருந்தார். அந்தத் தோளுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்தேன். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

வந்து பார்த்த தாதிமாருக்கும், செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டுச் சமைத்தனுப்பிய அயலவருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை கூட நின்ற சொந்தக்காரருக்கும் எங்கள் நன்றி.

அன்று அக்காவுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்த பெண்கள் யாராவது இதை வாசித்தால், வருசத்தையும் நடந்ததையும் சரிபார்த்துத் தாருங்கள். அங்கே அக்கா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அவர் சேலை கிழிந்தது எங்களுக்குத் தெரியும். மற்றதொன்றும் தெரியாது.