வத்தல் மேல் போர்த்திய துணி

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கிராமம் என்று ஒரு படம் இருந்தது. இரண்டு மலை, அவற்றுக்கு நடுவே எழும் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு பசு. எங்கள் ஊரிலும் மலை உண்டு. ஆனால் அது மேற்கே இருந்ததால் சூரியன் அங்கே மறையுமே தவிர எழுந்ததில்லை. ஆறு கிடையாது, கண்மாய் உண்டு. பசுக்கள் இருந்தன. படத்தில் இல்லாத தறிச்சத்தமும் இருந்தது. இராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் வந்து திரும்பிப் போகும் ஊர் அது. பாதிப் பேர் காட்டு வேலைக்குப் போனார்கள், பாதிப் பேர் பேண்டேஜ் கம்பெனிக்கு. வெளுத்த பேண்டேஜ் துணியைப் பொட்டலில் நீளநீளமாகக் காயப்போட்டிருப்பார்கள். எங்கள் ஊரின் நிறம் எது என்று கேட்டால் பச்சை என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துபோகும் டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தார். கிராமத்தில் மட்டும் இருக்கிற ஒன்றை யோசித்து வந்து, திங்கட்கிழமை எழுந்து நின்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாது. நான் அம்மாவிடம் கேட்டேன். "கிராமத்துல என்ன இருக்கு, வேலைதான் இருக்கு" என்றாள். அவள் கம்பெனியில் துணி மடிப்பவள். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு எப்போதும் வெளியூரில் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூழ் வத்தல் போட்டாள். முற்றத்தில் நனைத்த வேட்டியை விரித்து, அதில் கரண்டி கரண்டியாகக் கூழை ஊற்றினாள். காக்கைக்குப் பயந்து மேலே பேண்டேஜ் துணியைப் போர்த்தினோம். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அம்மா. முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வந்தது துணி. எங்கள் ஊரில் பால் வடிகட்டுவது, தொட்டிலுக்குக் கொசுவலை போடுவது எல்லாமே பேண்டேஜ் துணியில்தான். வெட்டும்போது விழும் பிட்டுகளைக் கம்பெனியில் எடுத்துக்கொள்ள விடுவார்கள். முழுத்துணியைத் தொட்டால் வேலை போய்விடும். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த விதி எனக்குத் தெரியாது.

கூழ் சற்றே உலரும் வரை பொறுத்துப் போர்த்தியிருக்க வேண்டும். ஈரக் கூழில் துணி ஒட்டிக்கொண்டது. அரிசியும் உப்பும் சீரகமும் சேர்ந்த வாசனைக்கு, பக்கத்து வீட்டு அத்தையின் சினைப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் வத்தலோடு சேர்த்துத் துணியையும் விழுங்கியிருந்தது. வாய்க்கு வெளியே ஒரு சாண் தொங்கியது. அத்தை பாய்ந்து பிடித்து இழுத்தாள். நூல் நூலான துணி, அவள் கையில் இருந்தது மட்டும் கிழிந்து வந்தது. மீதியைப் பசு உள்ளே தள்ளிவிட்டது.

அத்தை அப்பாவின் அக்காள். அம்மாவுக்கும் அவளுக்கும் என் காதுகுத்திலிருந்து பேச்சு இல்லை. பேச வேண்டியது வந்தால் இருவரும் வேறு யாரிடமாவது சொல்வார்கள். அன்றைக்கு அத்தை பசுவிடம் சொன்னாள்.

"ஏ மூதி, உனக்கு வேற வீடே கெடைக்கலையா? மவராசி ஊரு பூராவும் விரிச்சு வச்சிருக்கான்னு திங்கப் போனியாக்கும்!"

அம்மா என்னிடம் சொன்னாள். "ஏட்டி, அவியகிட்டச் சொல்லு. மாட்டை ஒழுங்காக் கட்டிப்போட்டா அது ஏன் இங்க வருது?"

நான் சொல்லத் திரும்புவதற்குள் பசு முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. பிறகு எழுந்தது, மறுபடியும் உட்கார்ந்தது. அசை போடவில்லை. வெயில் ஏற ஏற அதன் இடது பக்க வயிறு மத்தளம்போல உப்பிக்கொண்டு வந்தது. அத்தைக்குப் பிள்ளை கிடையாது, மாமாவும் இறந்துபோயிருந்தார். அந்தப் பசு ஈனினால்தான் அவள் வீட்டில் மறுபடி அடுப்பெரியும். திட்டுவதை நிறுத்திவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி மேஸ்திரி எங்கள் தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாட்டாஸ்பத்திரி இருக்காது என்று தெரிந்து, இராஜபாளையம் போய் டாக்டரை வீட்டிலேயே பிடித்து, தன் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அதற்குள் முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. அதில் கம்பெனிக்காரர்கள்தான் அதிகம்.

டாக்டர் பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வாயைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பிட்டுத்துணியா, முழுத்துணியா?"

கூட்டத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"பிட்டுன்னா மருந்து கொடுத்துப் பாக்கலாம். முழுத்துணி உள்ள சுருண்டு அடைச்சிரும். வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். இது நெறமாசச் சினை, சும்மா கீற முடியாது. கீற வேண்டிய நேரத்துல கீறாம விட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அத்தை என் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள். பசுவின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

"பிட்டுத்தான் டாக்டரய்யா. நான் என் கண்ணாலே பாத்தேன். கை அகலந்தான் இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் நாங்கள் துணியைப் போர்த்தும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தவள் அவள். நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. எலும்பு வலித்தது.

டாக்டர் பையைத் திறந்து மருந்துப் புட்டியை எடுத்தார். மேஸ்திரி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பசு கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி, ஒருமுறை முனகியது. என் தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது.

"பிட்டு இல்ல" என்றாள் அம்மா. "முழுத்துணி."

"நல்லாத் தெரியுமாம்மா?"

"நான்தான் மடியில வச்சுக் கொண்டாந்தேன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். "நீ செத்த சும்மா இரு தாயி" என்றார் மேஸ்திரி, அடிக்குரலில். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"கீறுங்க டாக்டரய்யா" என்றாள்.

அத்தை வேப்பமரத்தடியில் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அம்மா வாலைப் பிடித்துக்கொள்ள, பசுவை நிற்க வைத்தே ஊசி போட்டு வயிற்றைக் கீறினார்கள். பிள்ளைகளைத் துரத்திவிட்டார்கள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். டாக்டர் தோள்வரைக்கும் கையை விட்டு, பச்சையும் பழுப்புமாக ஊறிப்போயிருந்த துணியை வெளியே எடுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. கிணற்றிலிருந்து கயிறு இழுப்பதுபோல இருந்தது. தையல் போட்டு முடித்த பிறகும் பசு நின்றுகொண்டுதான் இருந்தது. பொழுது சாயும்போது வைக்கோலில் ஒரு துரும்பை எடுத்து மென்றது. அத்தை சத்தம் போட்டு அழுதாள்.

எனக்கு ஒரே திருப்தி. அத்தை பொய் சொன்னாள், அம்மா அதை ஊர் முன்னால் உடைத்துவிட்டாள். காதுகுத்தில் தொடங்கிய சண்டையில் ஜெயித்தது எங்கள் வீடுதான் என்று முடிவு செய்துகொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"மொதலாளி காதுக்குப் போயிருச்சு. நான் சொல்லலை தாயி, என் பிள்ளை மேல சத்தியமா நான் சொல்லலை. அம்புட்டுப் பேரும்தான் கேட்டாங்க. இனி நீ வர வேண்டாம்னுட்டாரு."

"சரிண்ணே" என்றாள் அம்மா.

வேலை நாளில் அம்மா வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவசரமில்லாமல் எண்ணெய் வைத்து எனக்கு இரட்டைச்சடை பின்னிவிட்டாள். முற்றத்தில் மாடு விட்டுவைத்த வத்தல் வேட்டியில் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, வத்தலை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள். அம்மாவும் எதிரே உட்கார்ந்து உரித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்கள் இன்னும் சண்டைதான் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன்.

வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கண்மாய் என்றான் ஒருவன். கிடைமாடு என்றாள் ஒருத்தி. தறி என்றவனை, அது டவுனிலும் இருக்கிறது என்று டீச்சர் உட்காரச் சொன்னார். என் முறை வந்தது. நான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொன்னேன்.

"கிராமத்தில் மாடு பிழைத்தால் அம்மாவுக்கு லீவு விடுவார்கள்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையின் பொய்யைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே, பொட்டலில் காய்ந்த வெள்ளைத்துணியைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிட்டு, "உட்காரும்மா" என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. தப்பாகத்தான் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, சாயங்காலம் வரை நான் வேறொரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.