நடுவில் ஒரு மாடு

பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த ஷுக்ரி, தேயிலைத் தோட்டத்துச் சனங்களிடம் வாய் வலிக்கப் பேசுவார். பேரம் படியாத ஆளைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவார். அந்த வாய் கடைக்கு மட்டும்தான். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனால், மகன் ஜாபிர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "உன்ட மகன சோறு தின்னச் சொல்லு" என்று மனைவி ஸகீனாவைப் பார்த்துத்தான் சொல்வார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான். தான் ஒருநாளும் அப்படி இருக்கக் கூடாது என்று சின்ன வயதில் அழுத மனிதர் இவர், என்னத்தைச் சொல்ல.

எழுபத்தொன்பதாம் ஆண்டில் ஜாபிருக்குச் சவூதியில் வேலை கிடைத்தது. அந்த வாரம் மகள் முஹ்ஸினா, சஞ்சிகையில் வந்த ஆபிரிக்கக் கதையொன்றை அடுப்படியில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஸூலு மொழிக் கதையாம். அதில் வரும் தகப்பன், மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொல்கிறான். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறான். மாடு செத்ததும் அந்த வீட்டில் பேச்சே நின்றுபோகிறது.

"நம்மட வாப்பாதான்" என்று முஹ்ஸினா சிரித்தாள்.

"அப்ப நான்தான் அந்த மாடு" என்றாள் ஸகீனா. அவள் சிரிக்கவில்லை.

அடுப்படித் திரைக்கு இந்தப் பக்கம் நின்ற ஷுக்ரிக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிறவனுக்குக்கூடத் தன் வீட்டு விஷயம் தெரிந்துபோன மாதிரி வெட்கம். மகன் போகுமுன் ஒரு வார்த்தையாவது நேரே பேசிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்து நினைத்தே வாரம் போயிற்று.

புறப்படும் காலையில் ஸகீனா மகனை வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதாள். ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க."

கொழும்பு ரயிலில் ஜாபிர் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஷுக்ரி கீழே பிளாட்பாரத்தில் நின்றார். கார்ட் கொடியை எடுத்ததும், பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பி, "அவன மப்ளர கழுத்துல சுத்திக்கச் சொல்லு" என்றார்.

அங்கே நின்றவர் தெமோதரைத் தோட்டத்துக் கந்தப்பன். தீபாவளிக்குக் கடையில் துணி எடுக்கிறவர். மகளை ரயில் ஏற்றிவிட வந்திருந்தார். அவர் கொஞ்சம் விழித்தார். பிறகு மரியாதையாக ஜன்னல் பக்கம் போய், "தம்பி, மப்ளர கழுத்துல சுத்திக்குவீங்களாம். மொதலாளி சொல்றாங்க" என்றார்.

ஷுக்ரிக்குத் தலை நிமிரவில்லை. மகன் சிரித்துவிடுவான் என்று பயந்தார். ஜாபிர் சிரிக்கவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல், கந்தப்பனைப் பார்த்தே பதில் சொன்னான்.

"சரின்னு வாப்பாட்ட சொல்லுங்க."