வரிசையை விட்டு வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீரங்கம் கோயில் வரிசையில் நடந்தது இது.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர்கள் லீவு கிடைத்தால் கடற்கரை ஊர்களுக்குப் போவார்கள். தெருத்தெருவாக நடந்து, பழைய கட்டடங்களைப் பார்த்து, வாய்த்த இடத்தில் சாப்பிட்டு, படம் போடுவார்கள். அம்மாவையும் ஒரு நாள் அப்படிக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. முசிறியில் வாழைத்தோட்ட வேலை பார்த்தே என்னைப் படிக்க வைத்தவர். "கடலெல்லாம் எதுக்கு தம்பி? ரெங்கநாதரைக் காட்டு, போதும்" என்றுவிட்டார்.

காலையிலேயே வந்து இறங்கினோம். ராஜகோபுரத்திலிருந்து ஒவ்வொரு வாசலாக நடத்திக் கூட்டிப் போனேன். பாயும் குதிரைகள் செதுக்கிய தூண்களைப் பார்த்து அம்மா அசந்து நின்றார். "கல்லுல கூட லகானை எப்படி இழுத்துப் புடிச்சிருக்கான் பாரேன்!"

வழியில் ரோஸ்ட் வாசனை வந்தபோதெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தேன். "சாமி பாக்காம பச்சத்தண்ணி பல்லுல படாது. நீ வேணா தின்னு." சர்க்கரை மாத்திரையை மட்டும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வரிசை நகரவே இல்லை. பின்னால் நின்ற நாகப்பட்டினத்து அம்மாள் ஒருவர் அம்மாவோடு பேசிக்கொண்டே வந்தார். அவர் கணவருக்குத் திங்கட்கிழமை நெஞ்சில் ஆபரேஷனாம். அதற்கு முன் பெருமாளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தனியாகக் கிளம்பி வந்திருந்தார். மதிய பஸ்ஸில் திரும்பியாக வேண்டும்.

சன்னதி நெருங்கும் நேரம். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சுகர் மாத்திரை போடுவாங்களா? எனக்கும் அதுதான்" என்றபடி அந்த அம்மாள் கைப்பையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தார். அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"அக்கா, வாயத் திறங்க. பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன்!" அதட்டியே ஊட்டிவிட்டார்.

இருவருமாகத் தாங்கி வெளியே அழைத்து வந்தோம். ஓட்டலில் அம்மா இட்லி சாப்பிட்டு, என்னைத் "தம்பி" என்று கூப்பிடும்வரை அந்த அம்மாள் நகரவில்லை. அதற்குள் நடை சாத்திவிட்டார்கள்.

"எங்களால உங்க தரிசனம் போச்சேங்க" என்றேன்.

"அவரு படுத்துத்தானே இருக்காரு? எங்க எந்திரிச்சுப் போயிடப் போறாரு?" என்று சிரித்தார். ஆனால் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், செருப்பைக் கழற்றிவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி வெகுநேரம் நின்றார். அப்போது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

சாயந்திரம் நடை திறந்ததும் அம்மா பெருமாள் முன் நின்றார். "அந்தப் பொண்ணோட புருஷனை நல்லபடியா வீட்டுக்கு அனுப்பிடு சாமி." தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "பேரு கூடக் கேக்கலையேடா" என்று ஊர் வந்து சேரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

அந்த ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம், எங்களுக்காக அந்த அம்மாள் வரிசையில் விட்டுவந்த இடத்தில் நான் நிற்பதாகவே நினைத்து, முதலில் அவர் வீட்டுக்காகக் கும்பிடுகிறேன்.